ஆமையின் நடுத்துண்டு

பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இனிக் கோடுகள் கண்ணில் படாது. அம்புக்குறிகளும் நடுவட்டமும் அதன் மையத்திலுள்ள சிவப்புப் பொட்டும் கீழே, ரம்பத்தின் இரும்பு மேசையைப் பார்த்தபடி கிடக்கும். எனக்குத் தெரிவது கேரம் பலகையின் முதுகு மட்டும்தான், மெருகு காணாத, பவுடர் தொடாத முதுகு. அதன் மேல் ஆமையின் வரைபடத்தை ஒட்டியிருக்கிறேன். பசை காய்ந்துவிட்டதா என்று விரல்நுனியால் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன். காய்ந்துவிட்டது. காய்ந்து வெகுநேரமாகியிருக்க வேண்டும். நான்தான் விசையை அழுத்தாமல் நிற்கிறேன். மதியத்துக்குள் நவநீதன் வந்துவிடுவார், அவரோடு அவருடைய புது மனைவி ஹேமலதாவும் வருவாள், நறுமுகையை அழைத்துக்கொண்டு புனேவுக்குப் போவார்கள். என் தங்கை சிந்துஜாவுக்கும் நவநீதனுக்கும் பிறந்த மகள் நறுமுகை. சிந்துஜா இறந்தபோது குழந்தைக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. அவள் பேசிய முதல் முழு வாக்கியத்தைக் கேட்டவள் நான். 'பெரிம்மா, தண்ணி சுடுது' என்பதே அது. பெரிய வாக்கியம் ஒன்றுமில்லை. ஆனாலும் பல் துலக்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, பம்ப் கம்பெனியின் வரைபடப் பிரிவில் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும்போது, அந்த மூன்று சொற்கள் காரணமில்லாமல் வந்து நிற்கும். தண்ணி சுடுது. சுட்டதா என்ன, வெதுவெதுப்பாகத்தான் விளாவினேன். விசையை அழுத்த வேண்டும். அழுத்துகிறேன்.

ரம்பம் ஓடத் தொடங்குகிறது. ஸ்க்ரோல் ரம்பம் என்று கடையில் சொன்னார்கள். பார்த்தால் தையல் இயந்திரத்தின் உறவு போலிருக்கும். ஊசி இருக்கவேண்டிய இடத்தில் முடியிழை போன்ற பிளேடு மேலும் கீழுமாகக் குத்தி ஓடும், துணியைத் திருப்புவதுபோல் பலகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தள்ளக்கூடாது. தள்ளினால் பிளேடு வளைந்து, கோட்டை விட்டு விலகி, பிறகு அறுந்துபோகும். மாடிப்படிக்கு அடியில், முன்பு தண்ணீர் மோட்டார் இருந்த இந்தச் சிறிய அறையில், மூன்று வருடங்களாக நான் கற்றுக்கொண்டது இந்தத் தள்ளாமல் இருத்தலைத்தான். முதலில் அறுத்தது ஆப்பிள் பெட்டியின் பலகையில் ஒரு முயல். பிறகு கம்பெனியில் வரைபலகைகளைக் கழித்துக் கட்டியபோது, என் இளமை முழுவதும் குனிந்து கிடந்த அந்தப் பலகைகளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அவை ஒட்டகமாகவும் லாரியாகவும் பறவையாகவும் போய்விட்டன. உக்கடத்துப் பழைய மரக்கடையில் வாங்கிய ஜன்னல் கதவு ஒரு முழு ரயிலானது. எதிலும் எனக்குத் தயக்கம் வந்ததில்லை. ஒருவருக்குப் பயன்படாமல் போனதை எடுத்து இன்னொன்றாக்குவதில் தயங்க என்ன இருக்கிறது. இந்தப் பலகையில் மட்டும்தான் கை நின்றது. சட்டத்தை நேற்றே கழற்றிவிட்டேன். ரம்பத்தின் கழுத்து முழுப் பலகையையும் கொள்ளாது என்பதால் நடுப்பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்தேன். நான்கு மூலைகளும், காய் விழும் ஓட்டைகளோடு, சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. அவற்றைப் பார்க்காமல் இருப்பதற்காகவே விளக்கை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

வேறு வழியில்லை. 'ரெண்டு பெட்டிதானுங்க அக்கா, கனமா எதுவும் வேண்டாமுங்க' என்று நவநீதன் தொலைபேசியில் சொல்லிவிட்டார். கேரம் பலகையை விமானத்தில் யார் எடுத்துப் போவார்கள். அதுவும் பரணில் கிடந்து, கூரை ஓடு ஒழுகியதில் ஒரு பக்கம் நீர் ஊறி, அடுக்கு அடுக்காகப் பிரிந்த பலகை. ஆனால் சிந்துஜாவின் விரல் உராய்ந்து உராய்ந்து வழவழப்பான பொருளென்று இந்த வீட்டில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். புடவைகள் இருக்கின்றன, புடவை துவைத்தால் யாருடையதாகவும் ஆகிவிடுகிறது. அதனால் பலகையின் நடுவை மட்டும், ஒரு குழந்தை இரு கைகளில் தூக்கிப் போகும்படியாக, ஆமையாக்குகிறேன். ஆமை என்பது நறுமுகையின் விருப்பம். ஓடு துண்டு துண்டாகக் கழன்று வர வேண்டும், மறுபடி பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் அவள் சொன்னதுதான். வரைந்தது நான். தலையும் கால்களும் சேர்ந்த உடம்பு ஒரு வளையம்; வளையத்துக்குள் ஓட்டின் துண்டுகள்; அவற்றின் நடுவில் ஆறு பக்கங்கொண்ட ஒரு துண்டு. கடைசியில் உட்காரவேண்டியது அது. அது உட்கார்ந்தால் மற்றவை அசையா. வால் வருகிற இடம் நீர் ஊறிய இடமாக இருப்பதால், அதைச் சட்டத்து மரத்தில் தனியாக அறுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். நடுத்துண்டுக்கு நேர் கீழே, பலகையின் மறுபக்கத்தில், சிவப்புக்காய் வைக்கிற பொட்டு இருக்கிறது. அளந்துதான் ஒட்டினேன். குழந்தை ஆமையை முடித்துவிட்டு முழுதாகத் திருப்பிப் பார்த்தால், அவள் அம்மா விளையாடிய வட்டம் சரியாக நடுவில் தெரியும்.

நடுத்துண்டை முதலில் அறுக்கிறேன். கோட்டின் மேல் சிறு துளையிட்டு, பிளேடை அதற்குள் நுழைத்து, மேலே கீழே மாட்டி, இறுக்கி, மெல்லத் திருப்புகிறேன். தூள் ஊதுகுழலின் காற்றில் ஒதுங்குகிறது. ஒதுங்கும்போது ஒரு வாசனை எழுகிறது, சூடான பசையின் வாசனை, அதற்கடியில் இன்னொன்று. கேரம் பவுடர். துடைத்தேன், ஈரத்துணியால் இருமுறை துடைத்தேன், ஆனால் அது மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. சிந்துஜா பவுடரை அளவில்லாமல் கொட்டுவாள். என்னைவிடப் பத்து வயது சிறியவள். பலகையின் மேல் பாதி உடம்பைச் சாய்த்து, நடுவிரலுக்குப் பதில் சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலால் அடிப்பாள். யார் சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. எடுத்தவுடன் சிவப்பைத்தான் குறிவைப்பாள். சிவப்பைப் போட்டால் போதாது, அடுத்த அடியிலேயே இன்னொரு காயும் போட வேண்டும், அதற்குப் பெயர் ஃபாலோ, ஃபாலோ இல்லையென்றால் சிவப்பைத் திருப்பி நடுவில் வைத்துவிட வேண்டும். அவளுக்கு ஃபாலோ ஒருபோதும் விழாது. 'வெச்சுட்டேன், போ' என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு நடுவில் கொண்டுபோய் வைப்பாள். ஒருமுறை வைக்கவில்லை. உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, 'என்கிட்ட இல்லவே இல்லை' என்றாள், விரலிடுக்கில் சிவப்பு தெரிய. நான் விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணமான பிறகு நவநீதன் விட்டுக்கொடுத்தார். வேண்டுமென்றே காயைத் தவறவிட்டு அவளை ஜெயிக்க வைப்பார், அவளுக்கும் அது தெரியும், இருவரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். 'உங்க அக்கா அம்பயர் மாதிரியே உக்காந்திருக்காங்க பாரு.' எனக்குக் கோபம் வந்தது. விதி என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும்தானே. மூலை வந்துவிட்டது, திருப்ப வேண்டும். திருப்பினேன்.

ஹேமலதாவை அவர் கட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. இதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளும்போது குரல் சற்று உயர்கிறது. வருத்தமில்லை. அந்த வயதில் ஒருவர் தனியாக இருக்க முடியாது, நான் இருக்கிறேன் என்பதற்காக எல்லோரும் இருக்க வேண்டியதில்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, 'ஸ்கூல் தொறக்கறப்ப நறுவை அங்கயே சேத்தரலாம்னு இருக்கேனுங்க அக்கா' என்றார். 'சரிங்க' என்றேன். உடனே சொன்னேன். எண்ணெய் காய்கிறதா என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னேன். 'உங்களுக்கு வருத்தமில்லீங்களே?' 'வருத்தமென்னங்க, உங்க புள்ளை.' உங்க புள்ளை. அந்த இரண்டு சொற்களை நான் ஏன் சொன்னேன். உண்மை என்பதால் சொன்னேன். உண்மை என்பதாலேயே அதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் சொல்லும்வரை காத்திருந்திருக்கலாம். அவர் சொல்லியிருக்கமாட்டார். பிறகு அந்த வீடியோ அழைப்பு. திரையில் ஹேமலதாவின் முகம் வந்தவுடன், யாரும் சொல்லித்தராமல், 'ஹேமாம்மா, என்ன சாப்பாடு?' என்றது குழந்தை. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். நான் அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருந்தன. சிவப்பு ஒருவர் கையில் தங்கவேண்டுமானால் அதற்குப் பின்னால் இன்னொரு காய் விழவேண்டும். அவருக்கு விழுந்துவிட்டது. எனக்கு ஃபாலோ இல்லை. இது என்ன ஒப்பீடு, குழந்தையைப் போய் ஒரு காயோடு. ஆனால் மனம் அதிலேயே போய்ச் சிக்குகிறது, கணுவில் சிக்குகிற பிளேடு மாதிரி, எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும்.

கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. விசையை நிறுத்தி, பிளேடை அவிழ்த்து, துண்டை மேலே எடுக்கப் பார்த்தால் வரவில்லை. நகத்தால் நெம்பினேன். அசைகிறது, எழவில்லை. பலகையைத் தூக்கிக் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்தியதும் கீழ்வழியாகக் கழன்று, புரண்டு என் உள்ளங்கையில் விழுந்தது, சிவப்புப் பொட்டு மேலாக. விளிம்பைப் பார்த்தேன். செங்குத்தாக இல்லை. சீசாவின் தக்கை மாதிரி ஒருபக்கம் சிறுத்து மறுபக்கம் அகன்று இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: போன வாரம், இழுத்தால் படிப்படியாக எழும் ஒரு மரக்கூடை அறுப்பதற்காக மேசையைச் சற்றே சாய்த்தேன்; நேராக்கவில்லை. வேலை தொடங்குமுன் மூலைமட்டத்தை மேசைமேல் நிறுத்திப் பிளேடின் நேர் பார்ப்பது என் வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல், நினைக்காமலே செய்வது. இன்று செய்யவில்லை. ஆயிரம் வரைபடங்களில் ஒரு கோடு சாயாத கை இது. வேறு பலகையாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருப்பேன். இதற்கு மறுபடி இல்லை. மூலைமட்டத்தை எடுத்து, மேசையை நேராக்கி, திருகை இறுக்கினேன். பிறகு யோசித்தேன். அக்கம்பக்கத்துத் துண்டுகளின் விளிம்பு இதன் மேல் சாய்ந்து நிற்கும். அவை உட்கார்ந்த பிறகு மேலிருந்து இதை வைக்க முடியாது. ஆகவே கடைசியில் வரவேண்டியது இனி முதலில் வரவேண்டும். நடுவில் இதை வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைச் சுற்றி இறக்க வேண்டும். இது இல்லாமல் ஆமையைத் தொடங்கவே முடியாது.

தொடங்கவே முடியாது என்று நினைத்த அதே மூச்சில் அந்த எண்ணம் வந்தது. எங்கிருந்தோ வந்ததுபோல் நடிக்க வேண்டாம். அது காலையிலிருந்தே இந்த அறையில்தான் இருந்தது. இதை நான் வைத்துக்கொண்டால் என்ன. முதலில் செய்த அந்த முயல் ஒரு காலை எங்கோ தொலைத்துவிட்டது. நறுமுகை மாதக்கணக்கில் அந்தக் காலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தீங்களா, குப்பைக்காரம்மாகிட்டக் கேட்டீங்களா, முசலுக்கு நொண்டறது வலிக்குமா. ஒரு குறையுமில்லாமல் இருந்த ஒட்டகத்தையும் லாரியையும் அவள் ஒரு வாரத்தில் மறந்துபோனாள். முழுதாகக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். புதிய வீடு, புதிய பள்ளி, புதிய மொழி. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் நான் தொலைபேசியில் வருகிற ஒரு குரலாகிவிடுவேன், அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குரலுக்கு 'பேசு கண்ணு, பேசு' என்று யாராவது அவளைத் தள்ளிவிட வேண்டியிருக்கும். ஆனால் ஒரு துண்டு குறைந்தால் கேட்பாள். என்னிடம்தான் கேட்பாள். அது எங்கே என்று கேட்பதற்காகவே வருவாள். சிறிய துண்டு, உள்ளங்கையில் மூடினால் வெளியே தெரியாது. மூடிப் பார்த்தேன். தெரியவில்லை. திறந்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, மீதித் துண்டுகளை அறுக்கத் தொடங்கினேன். நேரான மேசையில், நேரான கோடுகள். ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வந்தன. இன்றுபோல் கை ஒருநாளும் ஒத்துழைத்ததில்லை.

உப்புத்தாளால் விளிம்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நறுமுகை வந்தாள். புதுக் கவுன், ஒரு காலில் மட்டும் காலணி. 'ரம்பம் நின்னுருச்சா? உள்ள வரலாமா?' 'வா சாமி.' வாசற்படியிலேயே நின்று கேட்கவேண்டும் என்பது நான் போட்ட விதி. அதைக் கடைசி நாளிலும் கடைப்பிடித்தாள். துண்டுகளைத் தரையில் பரப்பிக்கொடுத்தேன். 'இதை முதல்ல நடுவுல வைக்கணும். ஒரு விரலால புடிச்சுக்க. அப்புறம் சுத்தி ஒண்ணொண்ணா எறக்கு.' நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு செய்தாள். சிந்துஜாவும் நாக்கை நீட்டுவாள், அடிப்பதற்கு முன். 'பெரிம்மா, ஆமை முட்டை போடுமா?' 'போடும். மண்ணைத் தோண்டிப் போட்டுட்டு மூடிரும்.' 'அப்புறம் யாரு பாத்துக்குவாங்க?' 'யாரும் வேண்டாம். அதுவா வெளிய வரும்.' 'அம்மா ஆமை எங்க போகும்?' 'கடலுக்கு.' ஒரு துண்டைச் சரியாக இறக்கி, தட்டி, 'அதுக்கு அங்க ஆபீஸ் இருக்குமாட்ட இருக்குது' என்றாள். பிறகு, 'ஹேமாம்மா வீட்டுல லிஃப்ட் இருக்கு. உள்ள கண்ணாடி இருக்கு. நீங்க லிஃப்ட்டுல போயிருக்கீங்களா?' 'போயிருக்கேன்.' 'பயமா இருக்குமா?' 'இருக்காது. வயித்துக்குள்ள லேசா கூசும், அவ்வளவுதான்.' 'எனக்குப் பயமில்லை. உங்களுக்குத்தான் கேட்டேன்.' ஆமை முடிந்திருந்தது. நான் அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகங்கள் சரியாக வெட்டப்பட்டிருந்தன. நேற்று நான்தான் வெட்டினேன். ஆஸ்பத்திரியில், காய்ச்சலின் நடுவில், கண்ணைத் திறந்தபோதெல்லாம் சிந்துஜா கேட்டது அது ஒன்றைத்தான். 'நறுவுக்கு நகம் வெட்டினியா அக்கா? மொகத்தைக் கீறிக்குவா.' வெட்டினேன் என்பேன். அடுத்தமுறை கண் திறந்தபோதும் அதையே கேட்பாள். 'இன்னொரு செருப்பைப் போட்டுட்டு வந்துர்றேன்' என்று குழந்தை எழுந்து ஓடினாள். காலடிச் சத்தம் தலைக்குமேல் படியேறிப் போவதைக் கேட்டேன். குனிந்து, ஆமையைக் கலைத்து, துண்டுகளைத் துணிப்பையில் போட்டேன். நடுத்துண்டைப் போடவில்லை. அது நான் கட்டியிருந்த ஏப்ரனின் பையில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று கேட்டால், நான்தான் போட்டேன், வலது கையால், ஆமையைக் கலைத்த உடனே.

வாசலில் வண்டிச் சத்தம். 'வாங்க, வாங்க.' தண்ணீர் கொடுத்தேன். நவநீதன் இளைத்திருக்கிறார், முன்னெற்றி ஏறியிருக்கிறது. 'என்னங்க அக்கா, ஏப்ரனோடயே வழியனுப்பறீங்க. எங்களையும் அறுத்துப் போடப் போறீங்களாட்ட இருக்குது.' சிரித்தேன். கழற்றினால் எங்காவது மாட்ட வேண்டும், மாட்டினால் பையில் இருப்பது தொங்கும், தொங்கினால் தெரியும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு சிரித்தேன். ஹேமலதா நான் நினைத்ததைவிட உயரம். நாற்காலி இருந்தும் தரையில் நறுமுகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை பையைக் கவிழ்த்தாள். 'இது ஒடம்பு. இதுக்குள்ளதான் ஓடு. முதல்ல நடுவுல ஒண்ணு வைக்கணும், அப்புறந்தான் மத்ததெல்லாம். பெரிம்மா சொல்லிக் குடுத்தாங்க.' தேடினாள். பையை உதறினாள். ஹேமலதா தன் மடியைப் பார்த்தாள், பாயைத் தூக்கினாள், குனிந்து தொலைபேசி விளக்கைக் கட்டிலுக்கு அடியில் அடித்தாள். 'கீழ விழுந்திருக்குமுங்களா அக்கா?' என்றார் நவநீதன். பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா என்று மனத்தின் ஒரு மூலையில் யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஓட்டுநர் ஒலியெழுப்பினார். 'டைமாச்சு ஹேமா. அக்கா தேடி வைப்பாங்க. அடுத்த தடவை வாங்கிக்கலாம்.' அடுத்த தடவை. நான் கேட்க விரும்பிய இரண்டு சொற்கள், நான் கேட்காமலே, அவர் வாயிலிருந்து வந்துவிட்டன. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 'இல்லீங்க, வண்டி நிக்கட்டும்' என்றாள் ஹேமலதா, இன்னும் கட்டிலுக்கு அடியிலிருந்து. 'அது இல்லாம இதைக் கூட்டவே முடியாதாமா. அங்க போய் இதை வெச்சுக்கிட்டு இவ அழுவா. பத்து நிமிசம் பாக்கலாமுங்க.' அவளுடைய வெளிர்நீலத் துப்பட்டாவில் ஒட்டடை தொங்கியது. முழங்கைவரை தூசி. நேற்றுத்தான் பெருக்கினேன், கட்டிலின் அந்த மூலைக்கு என் துடைப்பம் போனதேயில்லை என்று அந்த முழங்கையைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

'ஹேமாம்மா, தேடாதீங்க' என்றாள் நறுமுகை. அவள் தேடுவதை நிறுத்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், அவசரமில்லாமல். 'பெரிம்மாகிட்ட இருக்கும். பெரிம்மா எதையும் தொலைக்க மாட்டாங்க.' என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைக் குற்றம் சாட்டவுமில்லை. சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கும் என்று சொல்வதுபோல் சொன்னாள். ஹேமலதா கட்டிலுக்கடியிலிருந்து தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தாள். பார்வை ஒரு கணம் ஏப்ரன் பையில் தங்கியது, அல்லது தங்கியதாக எனக்குப் பட்டது. பிறகு துப்பட்டாவை உதறத் தொடங்கினாள், மிகுந்த கவனத்தோடு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. விரலிடுக்கில் சிவப்பு தெரிய, என்கிட்ட இல்லவே இல்லை என்றவளைக் கை விரிக்க வைத்தவள் நான். நடுவுல வை சிந்து. ஃபாலோ இல்லேன்னா நடுவுல வெச்சுரணும். நான் பைக்குள் கைவிட்டேன். துண்டு உடம்பின் சூட்டில் இளஞ்சூடாக இருந்தது. 'இங்கதான் இருக்கு' என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. குனிந்து, வளையத்தின் நடுவில், சரியான பக்கம் மேலாக, நானே வைத்தேன். நறுமுகை அதன்மேல் ஒரு விரலை ஊன்றினாள். 'நீங்க இதைப் புடிச்சுக்குங்க' என்று ஹேமலதாவின் கையை இழுத்துத் தன் விரல் இருந்த இடத்தில் அவள் விரலை வைத்தாள். பிறகு துண்டுகளை ஒன்றொன்றாக இறக்கினாள், நாக்கை நீட்டிக்கொண்டு. ஓட்டுநர் மறுபடி ஒலியெழுப்பினார். யாரும் எழவில்லை.

கடைசித் துண்டும் உட்கார்ந்தது. நறுமுகை ஆமையைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு காலாக. பின்பக்கம் வந்ததும் நின்றாள். 'வால் எங்க?' எனக்குப் புரியவில்லை. 'ஆமைக்கு வால் இருக்கும். நீங்கதான் வரைஞ்சீங்க.' பார்த்தேன். வாலில்லை. சட்டத்து மரத்தில் தனியாக அறுத்து ஒட்டலாம் என்று வைத்தேன், வைத்ததை மறந்தேன். நடுத்துண்டையே நினைத்துக்கொண்டிருந்ததில் வால் என்ற ஒன்று மனத்தைவிட்டே போய்விட்டது. 'மறந்துட்டேன் சாமி' என்றேன். என் வாழ்க்கையில் வேறு எந்த உண்மையும் இவ்வளவு பொய்போல் ஒலித்ததில்லை. நவநீதன் சிரித்தார். 'பாருடா, அக்காவே மறந்துட்டாங்களாம்.' ஹேமலதா சிரிக்கவில்லை. ஆமையைக் குலையாமல் அட்டையின் மேல் நகர்த்தி, துணியால் சுற்றி, குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். 'அறுத்து வைங்க அக்கா' என்றாள். 'தபால்ல எல்லாம் அனுப்பாதீங்க. நீங்களே எடுத்துட்டு வந்து ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க. எங்களுக்குப் பசையெல்லாம் சரியா வைக்கத் தெரியாது.' மரியாதைக்குச் சொன்னாளா, மனத்தோடு சொன்னாளா என்று அவள் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. முழங்கையில் தூசி இன்னும் இருந்தது. 'முழங்கையைத் தொடைச்சுக்கம்மா' என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. நறுமுகை வண்டியின் கண்ணாடி வழியாக ஆமையைத் தூக்கிக் காட்டினாள், பின்பக்கத்தை, வாலில்லாத பக்கத்தை. மறந்துவிடாதீர்கள் என்று எனக்குச் சொல்கிறாள். அவள் எனக்குச் சொல்கிறாள்.

வண்டி திரும்பியதும் வீட்டுக்குள் போகவில்லை. படிக்கடியில் வந்து நிற்கிறேன். சுவரோரம் நான்கு மூலைகளும் சாய்ந்திருக்கின்றன. விளக்கைத் திருப்பி அவற்றின்மேல் விழ விடுகிறேன். சட்டத்தின் ஒரு துண்டைத் தேர்ந்தெடுக்கிறேன். கருத்த, கனமான மரம். சிந்துஜாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து மணிக்கட்டை ஊன்றியது இதில்தான், ஓரம் மழுங்கியிருக்கிறது. அந்த மழுங்கல் வாலின் முதுகாகிவிடும், தேய்க்க வேண்டியதில்லை. பென்சிலால் வரைகிறேன். சிறிய வேலை, அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். விசையில் விரலை வைத்தவள் எடுத்துவிட்டு, மூலைமட்டத்தை மேசைமேல் நிறுத்திப் பிளேடின் நேர் பார்க்கிறேன். காலையில்தான் நேராக்கினேன், நேராகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, இன்னொரு முறை பார்க்கிறேன்.